மூத்த பால்மரத்தைப் பார்த்து வருவோம்

(தோட்டத் தொழிலாளர் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் ஏறுகிறவர்கள் வழக்கமாகச் சம்பளம், வீடு, மருத்துவம் என்று பேசுவார்கள். அவற்றைத் திறம்படப் பேச நம் தலைவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்திருப்பது நடையைப் பற்றி. "விடியுமுன்னே எழுந்து ஐந்நூறு அறுநூறு மரத்தைச் சுற்றி வருகிறவர்களிடம் நடையைப் பற்றியா பேசுகிறீர்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அது கூலிக்கு நடக்கும் நடை. நான் சொல்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் உளியும் தோளில் காண்டாவும் இல்லாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நமக்காக நடக்கும் நடை.

எங்கே நடப்பது? பேரா மாநிலத்தில், கோலகங்சாரில். ஊரைத் தொடங்கிய இடத்திலேயே முடியும்படி ஒரு வட்டமாகச் சுற்றி வரலாம். பெரும்பாலும் சமதரை, ஏறுவதற்கு ஒரே ஒரு மேடு. அவசரமில்லாமல் நடந்தால் ஒரு காலைப்பொழுது போதும். பாட்டிமாரும் வரலாம், பள்ளிப் பிள்ளைகளும் வரலாம்.

மாவட்ட நில அலுவலகத்தருகே, வேலி கட்டிக் காப்பாற்றப்படும் ஒரு பால்மரத்தடியில் தொடங்குவோம். இந்த நாட்டில் நின்றுகொண்டிருக்கும் பால்மரங்களிலே மூத்தது அது. அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் கொட்டைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரம்தான். பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது, அந்நாளில் பேராவின் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலகங்சார்த் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் எஞ்சி நிற்பது இந்த ஒன்று.

தோட்டத்தில் நாம் வெட்டும் மரத்துக்கு ஆயுள் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்துவிட்டால் அதைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்கிறார்கள். இந்த மரமோ நூறாண்டையும் கடந்து நெடுங்காலமாக நிற்கிறது. அண்ணாந்து பாருங்கள். மும்மூன்றாகக் கூடிய அதே இலைகள்தாம். வெயிலில் காய்ந்து படீரென்று வெடித்து, ஒரு காயிலிருந்து மூன்று கொட்டை தெறிக்கும் அதே காய்கள்தாம். அந்தக் கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துவிட்டு ஓடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா?

மரத்தடியில் நின்று பிள்ளைகளுக்கு நம் தொழிலைச் சொல்லிக் கொடுங்கள். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக நிற்பதில்லை. சற்றே வலப்புறமாகச் சாய்ந்து மேலேறுகின்றன. அதனால்தான் இடப்புறம் மேலாகவும் வலப்புறம் கீழாகவும் கோடு இழுக்கிறோம். அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும். வெயில் ஏறினால் மரத்தின் நீரழுத்தம் தணிந்து பால் குறையும். அதனால்தான் இருட்டோடு எழுந்து ஓடுகிறோம். உளி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் வராது. இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு நூலளவு. அந்த நூலளவைக் கண்ணால் பாராமலே கையால் அறிகிறவர்கள் நீங்கள். அதை வெறும் கூலி வேலை என்று சொன்னவன் உளி பிடித்துப் பார்த்ததில்லை.

பட்டையை மெல்லச் சீவி, அதே கோட்டை மீண்டும் மீண்டும் திறக்கும் இந்த முறையைச் சோதித்து நிலைநாட்டியவர், 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி. அந்நாளில் காப்பி பயிரிட்ட துரைமார்களைப் பிடித்து நிறுத்தி ரப்பர் நடச் சொன்னதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டம் கிடைத்தது. 1896இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்ற சீனர்தாம் ரப்பரை வியாபாரப் பயிராகத் துணிந்து நட்டார். பிறகு காப்பி விலை வீழ்ந்தது, மோட்டார் வண்டி பெருகியது, ரப்பர் விலை ஏறியது. ரிட்லி நூறு வயது வாழ்ந்து 1956இல் மறைந்தார்.

தோழர்களே, இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். விக்கம், லோ, ரிட்லி, டான் சே யான். ரப்பர் வரலாற்றைச் சொல்லும் புத்தகங்களில் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். இருக்கட்டும், அவர்கள் செய்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கொட்டை வந்ததாலே மட்டும் தோட்டம் வந்துவிடவில்லை. காட்டை அழித்தவர் யார்? கன்று நட்டவர் யார்? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் கிடந்து, பிறகு லயத்துக்கு வந்து சேர்ந்த நம் பாட்டன் பாட்டிமார்தாம். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தும்வரை கப்பல் வந்துகொண்டே இருந்தது. யுத்த காலத்தில் ஜப்பானியர் நம்மவரைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பாதவர் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நடையைத் தொடருவோம்.

மரத்தை விட்டு ஆற்றங்கரைக்கு இறங்குவோம். 'கோல' என்றால் ஆற்றுமுகம். கங்சார் ஆறு பேரா ஆற்றோடு கலக்கும் இடம் என்பதால் ஊருக்கு இந்தப் பெயர். தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளமான ஆறு பேரா. 1926இல் வந்த பெருவெள்ளத்தில் இந்த ஊரே மூழ்கியது. மறுகரையில் சாயோங் கிராமம். 'லாபு சாயோங்' என்னும் சுரைக்காய் வடிவக் கருப்பு மண்கூஜாவைச் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். உமிப் புகையில் வைத்து அதைக் கறுக்கச் செய்கிறார்கள். அதில் ஊற்றிய தண்ணீர் எந்த வெயிலிலும் குளிர்ந்திருக்கும். காலை வேளையில் கரையோரம் கொக்கும் மீன்கொத்தியும் கண்ணில் படும். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆற்றை ஒட்டிய சாலையில் போனால் புக்கிட் சண்டான் மேடு. அங்கே உபுதியா பள்ளிவாசல் பொற்கூம்போடு நிற்கிறது. சுல்தான் இத்ரிஸ் கட்டத் தொடங்கி, அவர் 1916இல் மறைந்தபின் 1917இல் முடிந்தது. வரைந்தவர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர். இத்தாலியிலிருந்து வந்த சலவைக்கல்லை இரண்டு யானைகள் சண்டையிட்டு மிதித்து உடைத்துவிட்டதால் மீண்டும் வரவழைக்க வேண்டியதாயிற்று என்று சொல்வார்கள். அடக்கமான உடை உடுத்தி, தொழுகை நேரத்தை மதித்து, அமைதியாகப் பார்த்து வருவோம். அரச குடும்பத்தாரின் அடக்கத்தலமும் அருகிலேயே இருக்கிறது.

மேட்டின் மேல், 1933இல் எழுந்த இஸ்கந்தரியா அரண்மனையை வெளியிலிருந்து பார்க்கலாம். அது கட்டி முடியும்வரை சுல்தான் குடியிருக்க 1926இல் எழுப்பிய மரமாளிகை இஸ்தானா கெனாங்கான். ஓர் ஆணியும் அடிக்காமல், மூங்கில் தட்டி பின்னிச் சுவர் வைத்துக் கட்டியது. மலாய்த் தச்சரின் கைத்திறனுக்கு அது சாட்சி. கையால் உழைக்கிறவன் இன்னொருவன் கைவேலையைப் பார்த்தால் நின்று பார்ப்பான். நாமும் நின்று பார்ப்போம். 1897இல் மலாய் மன்னர்களின் முதல் பேரவை கூடியதும் இதே கோலகங்சாரில்தான்.

மேட்டிலிருந்து இறங்கி, 1905இல் தொடங்கிய மலாய்க் கல்லூரியையும் பார்த்துக்கொண்டு பட்டணத்துக்குத் திரும்பினால் வட்டம் முடிகிறது. மீண்டும் மூத்த மரத்தடி.

இதே மாவட்டத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டையும் நினைவுபடுத்துகிறேன். 1948 ஜூன் 16ஆம் நாள் அங்கே தோட்டத் துரைமார் சுடப்பட்டதை அடுத்துத்தான் அவசரகாலம் பிறந்தது. அதே ஊரில் பிறந்தவர்தாம் துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம்மவர் வீதிக்கு வந்த காலத்தில், தொழிலாளியின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டத்தை வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர். வெட்டுகிறவன் உடைமையாளனும் ஆகலாம் என்று காட்டிய முயற்சி அது.

இப்பொழுது எத்தனையோ தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனையும் போய் வீடுகள் வந்த இடங்களும் உண்டு. லயம் இருந்த இடம் தெரியவில்லை. கோயில் மட்டும் ஓரமாக நிற்கிறது. தாத்தா எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று கேட்டால் பேரப்பிள்ளைக்குத் தெரியவில்லை. மரத்துக்கு வேலி கட்டிக் காத்தார்கள், நல்ல காரியம். மனிதர்களின் கதைக்கு வேலி கட்ட வேறு யாரும் வரமாட்டார்கள். நாம்தான் கட்ட வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நடை முடிந்ததும் ஊர்க் கடையில் தேநீர் குடித்துவிட்டுப் பிரிந்துவிடாதீர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் எழுதுவோம். முதலில் வந்தவர் பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்த ஆண்டு வந்தார், எந்தத் தோட்டம், என்ன வேலை, சயாமுக்குப் போனவர் உண்டா, திரும்பினாரா. தெரிந்ததை எழுதுங்கள்; தெரியாததற்கு இடம் விடுங்கள், மூத்தவர்களைக் கேட்டு நிரப்பலாம். கிராணிமார்களே, ஆண்டாண்டாகச் செக்ரோலில் எங்கள் பெயரை நாள்கூலிக்காக எழுதினீர்கள். இந்த நோட்டில் வரலாற்றுக்காக எழுதிக் கொடுங்கள். உங்கள் கையெழுத்து அழகு எங்களுக்கு வராது.

வரும்போது தண்ணீரும் குடையும் கொண்டு வாருங்கள். விடிந்ததும் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடிக்கலாம். உளியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பழக்க தோஷத்தில் கை அந்த மரத்துப் பக்கம் போய்விடப் போகிறது!

அடுத்த மாதம் முதல் ஞாயிறு என்று கிளையில் முடிவு செய்யலாம் என்று முன்மொழிகிறேன். பெயர் கொடுப்பவர்கள் இன்றே செயலாளரிடம் கொடுங்கள். பிள்ளைகளின் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள்.