கண்ணுக்கெட்டாத பூத்தொடுப்பு



கவாத்து முடிந்த பன்னீர்த் திராட்சைப் பந்தலின் அடியில் நின்று, நேற்று வரை காய்ந்த குச்சியாய்த் தோன்றிய கொடியின் கணுவிலே பச்சை மொட்டொன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருவதைக் காணாதவர் கம்பம் நகரத்து இந்தச் சபையில் ஒருவரும் இருக்க முடியாது. முல்லைப்பெரியாற்று நீரும் மண்ணின் சத்தும் அந்தத் தளிராக மாறுவதற்கு வேண்டிய புரதங்களையெல்லாம், ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் அமர்ந்து நிர்மாணிப்பது ரைபோசோம் என்னும் அதிசூக்ஷ்ம யந்திரம்.

இரண்டு உறுப்புகள் கூடியது அது. மரபணுவிலிருந்து நகலெடுத்து வந்த ஆர்.என்.ஏ. ஓலையைச் சிறிய உறுப்பு மும்மூன்று எழுத்தாகப் படிக்க, ஓலை கேட்ட அமினோ அமிலத்தைப் பெரிய உறுப்பு முன்னதோடு பிணைக்கிறது. மல்லிகை நான்கு, கனகாம்பரம் இரண்டு என்று வரிசை பிசகாமல் திண்ணையில் அமர்ந்து சரம் தொடுக்கும் நம் தாய்மாரின் விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள். நுண்ணுயிர்களின் ரைபோசோம் வினாடிக்குச் சுமார் 20 அமிலங்களை அவ்வாறே தொடுக்கிறது!

இந்த யந்திரத்தின் வடிவத்தை அணு அணுவாகக் கண்டறிந்தவர்களுள் ஒருவர், 1952-ல் நமது சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றபின், மீண்டும் மாணவராக அமர்ந்து உயிரியல் கற்றவர் அவர். வெந்நீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிர் ஒன்றின் ரைபோசோமைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, சிறிய உறுப்பின் அமைப்பை 2000-ல் கேம்பிரிட்ஜிலிருந்து அவரது குழு வெளியிட்டது. இத்தனை பெரிய மூலக்கூறு படிகமாகாது என்று பலர் கைவிரித்த காலத்திலேயே அம்முயற்சியைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் தளராது உழைத்தவர் இஸ்ரேல் நாட்டு அடா யோனத் அம்மையார். இவ்விருவரோடு அமெரிக்கரான தாமஸ் ஸ்டைட்ஸுக்கும் 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசினும் அந்த இருபதாண்டுப் பொறுமையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இதனால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் முதலிய மருந்துகள் கிருமியின் ரைபோசோமிலே சிறிய உறுப்பில் போய்ப் பொருந்தி, அதன் தொழிலைக் குலைக்கின்றன. நம் ரைபோசோமின் அமைப்பு சற்றே வேறாகையால் நாம் பிழைக்கிறோம். ஆனால் மருந்தைக் கண்டபடி பிரயோகித்தால், அம்மருந்து பொருந்தாதபடி ரைபோசோம் திரிந்துபோன கிருமிகளே எஞ்சிப் பெருகும். ஆகவே, பெரியோர்களே, மருத்துவர் எழுதாத இம்மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். அவர் எழுதித் தந்ததை, அவர் சொன்ன நாள் வரை, தவறாமல் உண்ணுங்கள்.