மயிரிழை அளவும் மோட்டார்ச் சுருளும்

(அந்தியூரில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குருநாதசுவாமி கோவில் சந்தையில் மாடு பிடிப்பவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நாலு பேரைக் கேட்கிறார். அவரே எரிந்த மோட்டாரைப் பட்டறையில் இறக்கிவிட்டு, "சீக்கிரம் கட்டிக் கொடுங்கள்" என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்.

நம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் குடிநீர் மோட்டார் ஒரே கோடையில் மூன்று முறை எரிந்தது. பெண்கள் குடத்துடன் தோட்டத்துக் கிணறுகளுக்கு நடந்தனர். மின்னழுத்தக் குறைவே காரணம் என்று நாங்களும் நம்பிக் கோப்பில் எழுதினோம். முதல் முறைக்கு அது பொருந்தலாம். மூன்றாம் முறைதான் கம்பியை அளக்கச் சொன்னோம். ஆலைக் குறிப்பின்படி 21ஆம் கேஜ் இருக்கவேண்டிய இடத்தில் 22ஆம் கேஜ் சுற்றப்பட்டிருந்தது. முன்னது 0.81 மில்லிமீட்டர், பின்னது 0.71. வேறுபாடு தடித்த தலைமயிர் ஒன்றின் பருமன். ஆயினும் செம்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே மின்சாரம் அதில் ஓடினால் சூடேறாமல் என்ன செய்யும்?

அளந்த கருவி மைக்ரோமீட்டர். ஸ்க்ரூ கேஜ் என்றும் சொல்வர். 1848இல் பிரான்சு நாட்டில் பால்மர் என்பவர் காப்புரிமை பெற்றது. திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். உருளை விளிம்பில் 50 கோடுகள். ஆகவே ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். கம்பியின் எனாமலை நீக்கியே அளக்கவேண்டும். வாயை மூடினால் சுன்னத்தில் நிற்கிறதா என்று முன்னரே பார்க்கவேண்டும். கடைசியில் நுனியிலுள்ள ராட்செட்டை மட்டும் திருகவேண்டும். பலங்கொண்டு முறுக்கினால் கருவி பொய் சொல்லும்.

மோட்டார்த் தண்டுக்கும் இதே கதைதான். 6205 என்ற பேரிங்கின் கடைசி எண் 05ஐ ஐந்தால் பெருக்கினால் 25. துளை 25 மில்லிமீட்டர். தண்டு சிறிது தேய்ந்தாலும் பேரிங் அதன்மேல் வழுக்கிச் சுற்றும். சிலர் தண்டில் பஞ்ச் அடித்து இறுக்கித் தருவர். அது சில நாளைக்கே.

1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் பம்புத் தொழில் வேரூன்றியது. ஒரு பட்டறையில் கடைந்த தண்டு வேறொரு பட்டறையில் வார்த்த உடலில் பொருந்துவது இந்த அளவுகளால்தான்.

உறுப்பினர்களிடம் நாங்கள் கேட்பது இதுவே. மோட்டார் முதன்முறை பிரிக்கப்படும்போது ஆலையில் சுற்றிய கம்பியில் ஒரு சாண் வெட்டிவாங்கிச் சீட்டுக் கட்டி ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். பட்டறைப் பில்லில் கம்பியின் கேஜும் சுற்றின் எண்ணிக்கையும் இல்லையேல், அவற்றை எழுதி வாங்கிய பின்னரே பணம் கொடுங்கள்.