அவசரப்படும் அன்பு
(2 சாமுவேல் 13:1-20)



தாவீதின் மகன் அம்னோன், தாமார் மேல் கொண்ட ஆசையால் நாளுக்கு நாள் மெலிந்துபோனான். நோயாளிபோல் நடித்து, அவள் கையால் சமைத்த உணவு வேண்டுமென்று வரவழைத்தான். அரசரிடம் கேளுங்கள், மறுக்கமாட்டார் என்று அவள் மன்றாடினாள். அதுவரைகூட அவனால் பொறுக்க முடியவில்லை. நடந்தது கொடுமை. அதன்பின், முன்பு விரும்பியதைவிட அதிகமாக அவளை வெறுத்து, வெளியே தள்ளிக் கதவைத் தாழிடச் செய்தான்.

இதற்கு நெருங்கிய ஒன்றை இன்று 'லவ் பாமிங்' என்கிறார்கள். 1970-களில் அமெரிக்காவில் சன் மியுங் மூனின் சபையினர் புதியவர்களைப் பாசத்தால் திணறடித்த முறைக்கு வழங்கிய பெயர் இது. ஆக, சமயத்தின் பெயராலும் நடக்கக்கூடியதுதான், நாமும் கவனமாயிருப்போம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டு வானகரத்தில் விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பழகிப் பத்தே நாள். விடிந்தது முதல் மெசேஜ், பரிசு, 'நீயில்லாமல் நானில்லை', அடுத்த மாதமே கல்யாணப் பேச்சு. பிறகு, 'அந்தத் தோழியோடு ஏன் பேசுகிறாய்? போன் பாஸ்வேர்டு கொடு.' மறுத்தால் மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள் மறுபடி கொஞ்சல். எப்போது அன்பு வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத அந்த ஏக்கம்தான் ஆளைக் கட்டிப்போடுகிறது; அறிவில்லாமல் யாரும் சிக்குவதில்லை. பையன்களும் சிக்குகிறார்கள், வெட்கத்தால் சொல்வதில்லை.

ஆர்வமாய்ப் பழகுகிறவரெல்லாம் ஏமாற்றுக்காரர் அல்லர். 'கொஞ்சம் பொறுங்கள், வீட்டில் பேசட்டும்' என்று சொல்லிப் பாருங்கள். புனித பவுல் அன்பை விவரிக்கும்போது முதலில் வைப்பது பொறுமையைத்தான். கோபமும் மிரட்டலும் பதிலாக வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

தாமாரின் அண்ணன் அப்சலோம் அவளிடம், பேசாமலிரு என்றான். அவள் அவன் வீட்டிலேயே துயருற்றுக் கிடந்தாள். நம் வீடுகளிலும் இதைத்தானே சொல்கிறோம்? பொள்ளாச்சியில், நட்பாய்ப் பழகி நம்பவைத்துப் பெண்களைச் சீரழித்த கும்பலைப் பற்றி 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். சாட்சிகள் யாரும் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

மீண்டு வருகிறவர்களுக்கு: எண்ணை பிளாக் செய்யுங்கள், 'கடைசியாக ஒருமுறை பேசணும்' என்ற அழைப்புக்குப் போகவேண்டாம். முதல் பத்து நாளை நினைத்து மனம் அழும், அழட்டும். விட்டுப்போன தோழியைத் தேடிப் பேசுங்கள். பெற்றோரே, மகளிடமிருந்து போனைப் பிடுங்காதீர்கள்; 'ஏன் போனாய்?' என்று கேட்குமுன் 'சாப்பிட்டாயா?' என்று கேளுங்கள். பெண்கள் உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416. படங்களை வைத்து மிரட்டினால் ஒரு ரூபாயும் கொடுக்காமல், எதையும் அழிக்காமல், அன்றே 1930-ஐ அழையுங்கள்.