பழைய இராணுவ லோரி வாங்குமுன்



தோட்டத்தில் முப்பது ஆண்டு உழைத்தவருக்குச் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. மகன் வந்து சொல்கிறான்: "அப்பா, பட்டாளத்து டீசல் லோரி ஒன்று மலிவாக வருகிறது. வாங்கிப் போட்டால் சிறுதோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம்." யோசனை தவறல்ல. நான்கு சக்கரமும் இழுக்கும் லோரி, சேற்றிலும் மேட்டிலும் ஏறிவிடும். ஆனால் சேமநிதிப் பணம் வாழ்க்கையில் ஒரு முறைதான் வரும். ஆகவே, அதை எடுத்துக் கொடுக்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று இன்று பேசுவோம்.

முதலில் பார்க்க வேண்டியது பத்திரம். நம் நாட்டு இராணுவ வண்டிகளின் எண் 'இசட்' என்ற எழுத்தில் தொடங்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாம் சாலையில் ஓட்ட முடியாது. சாலைப் போக்குவரத்து இலாகாவில் பொது எண்ணுக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். கழித்துவிடப்படும் அரசாங்க வண்டிகளில் சில, ஓட்டுவதற்காக அல்லாமல் பழைய இரும்பாகவே விற்கப்படுகின்றன. அப்படிப்பட்ட வண்டிக்குச் சாயம் பூசி நம்மிடம் காட்டினாலும் நமக்குத் தெரியாது. "பணத்தைக் கட்டுங்கள், கிராண்டை அடுத்த மாதம் எடுத்துத் தருகிறேன்" என்று சொன்னால், "கிராண்ட் வரட்டும், பிறகு பணம்" என்று சொல்லிவிட வேண்டும். கிராண்டில் உள்ள இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று டார்ச் விளக்கு பிடித்துப் பார்ப்போம். சந்தேகம் இருந்தால் இலாகா கவுண்டரில் நாமே கேட்போம். பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றுவதற்குத் தனி உரிமம் வேண்டும். ஓட்டுபவருக்கு 'இ' வகுப்பு லைசென்சும் ஜி.டி.எல். லைசென்சும் வேண்டும். இவற்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்ததாக, நம்மில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மீட்டரைப் பார்க்கிறோம். "இத்தனை வருட வண்டி, ஓடியது 30,000 கிலோமீட்டர்தான்" என்று மகிழ்ந்துபோகிறோம். இராணுவ லோரி குறைவாக ஓடியிருக்கலாம். ஆனால் முகாமில் வருடக்கணக்காக நின்றிருக்கும். நின்றாலும் வண்டி கெடும். ரப்பர் காய்ந்து வெடிக்கும். பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரேக் குழாய்களையும் டயரின் பக்கங்களையும் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3212 என்றிருந்தால், 2012ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்த டயர். பூ தேயாமல் இருந்தாலும் அது வயதான டயர்தான். டீசல் தொட்டியிலும் தண்ணீர் சேர்ந்து துரு பிடித்திருக்கும். அடியில் கசடு படிந்திருக்கும். அது பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போனால் செலவு பெரிது.

இஞ்சினைப் பார்க்கக் காலையில் போக வேண்டும். போனவுடன் இஞ்சினைத் தொட்டுப் பார்ப்போம். சூடாக இருந்தால், நாம் வருமுன் யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் உண்மை நிலை தெரியும். கிளம்பிய பிறகு புகையைக் கவனிப்போம். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை விடாமல் வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகமாகப் பாய்கிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. எண்ணெய், பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறதா? அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆற்றில் இறங்கி ஏறிய வண்டி என்பதால், முன் அச்சு, பின் அச்சு எண்ணெய்களையும் இப்படியே பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். புதுச் சாயம் துருவை மறைக்கும். சேஸிஸ் சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் இடங்களில் வெடிப்போ ஒட்டுப்போட்ட தழும்போ இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

காற்று பிரேக் வண்டியானால், காற்று நிரம்பியதும் இஞ்சினை நிறுத்தி முள்ளைக் கவனிப்போம். முள் மளமளவென்று இறங்கினால் எங்கோ கசிகிறது. ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சுற்றிவந்து சத்தம் கேட்க வேண்டும். முன் சக்கர இழுவையை மண் தரையில் சோதிக்க வேண்டும். தார் ரோட்டில் அதைப் போட்டுத் திருப்பினால் பல்சக்கரங்கள் இறுகிக் கெடும். இராணுவ லோரிகளில் மின்சாரம் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் பல்பையோ ரேடியோவையோ நேராக மாட்டினால் எரிந்துவிடும்.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் இராணுவத்தில் பேர் பெற்ற பெட்போர்ட் லோரியை எடுத்துக்கொள்வோம். அதைச் செய்துவந்த தொழில் 1987இல் கைமாறியது; வாங்கிய நிறுவனமும் 1992இல் நொடித்துப்போனது. வண்டி உழைக்கும், ஆனால் சாமான் தேடி அலைய வேண்டும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்ப்பது நல்லது. ஒரு சாமானுக்காக லோரி இரண்டு வாரம் படுத்துவிட்டால், குலை கொடுத்தவர் வேறு லோரியைத் தேடிப் போய்விடுவார்.

ஆகவே, நேயர்களே, விற்பவர் காட்டும் மெக்கானிக்கை நம்பாமல், நமக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போவோம். கையில் உள்ள பணம் முழுவதையும் லோரிக்கே கொடுத்துவிடாமல், டயருக்கும் பிரேக்குக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வைப்போம். அன்றே முன்பணம் கட்டாமல், வீட்டுக்கு வந்து எல்லோரும் உட்கார்ந்து ஓர் இரவு யோசிப்போம். "இன்றே எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவார்" என்று அவசரப்படுத்தினால், எடுத்துக்கொண்டு போகட்டும். லோரி இன்னொன்று வரும். முப்பது ஆண்டு உழைப்பு இன்னொரு முறை வராது.