சாலையும் சிக்கனமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

   

கலையும் இலக்கியமும் முழங்கும் இந்த மேடையில், நாம் குடியேறி வாழும் இத் தில்லி மாநகரின் சாலைகளைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் பொறியியல் கற்றவன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, தண்டவாளச் சாமான்களின் வரவு செலவை எழுதி வருபவன். கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எப்பொருளைக் கண்டாலும், இஃது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று கேட்பான். அந்தக் கேள்வியைச் சாலையை நோக்கிக் கேட்பதே இன்றைய என் பேச்சு.

அறிஞர்கள் இந்நாளில் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். மண்ணிலிருந்து பொருளை எடுப்பது, பயன்படுத்துவது, பின் எறிந்துவிடுவது என்பது நேர்கோட்டு வழி. எறிவதற்குப் பதிலாக, பொருளை நெடுநாள் காத்து, பழுது பார்த்து, இறுதியில் அதனையே மீண்டும் மூலப்பொருளாக்குவது சுழற்சி வழி. பெயர் புதிது; செய்கை நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் பழையது. பாட்டியின் நூற்புடவை பேரனுக்குத் தூளியாகி, தூளி கிழிந்தபின் அடுக்களையில் கரித்துணியாவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

ரயில்வேயிலும் இம் முறை உண்டு. விரைவு வண்டிகள் ஓடும் முதன்மைப் பாதையிலிருந்து தேய்ந்து கழிந்த தண்டவாளம், தகுதி பார்க்கப்பட்டு, வண்டி மெல்லச் செல்லும் கிளைப் பாதைக்கும் சரக்கடிப் பாதைக்கும் போகிறது. அதற்கும் உதவாதது வேலிக் கம்பமாகிறது. எஞ்சியது ஏலத்தில் விற்கப்பட்டு உருக்காலைக்குச் செல்கிறது. பாதையின் கீழுள்ள ஜல்லியைப் பத்தாண்டுக்கு ஒரு முறையேனும் தோண்டி, சல்லடையில் சலித்து, மண்ணையும் தூளையும் நீக்கி, நல்ல கல்லை அதே இடத்தில் மீண்டும் இட வேண்டும் என்பது எங்கள் விதி. குறைவுக்கு மட்டுமே புதுக்கல் வரும். இவ்வளவும் நடப்பது கழிந்த பொருளுக்கும் ஏட்டில் ஒரு பக்கம் இருப்பதனால்தான்.

இனிச் சாலைக்கு வருவோம். தார்ச்சாலை என்று சொல்கிறோமே தவிர, அந்தக் கலவையில் தார் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கே. மற்ற 95 பங்கும் கல்லும் கல்தூளுமாகும். ஒரு கிலோமீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள சாலைக்கு 40 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மேற்பூச்சு இடுவதாகக் கொள்வோம். கன அளவு 280 கன மீட்டர். எடை ஏறத்தாழ 670 டன். அதில் தார் 33 டன்னுக்குக் குறையாது. கல் 630 டன்னுக்கு மேல். 16 டன் ஏற்றும் லாரிகளானால் நாற்பதுக்கு மேற்பட்ட நடைகள். ஒரே ஒரு கிலோமீட்டருக்கு, ஒரே ஒரு பூச்சுக்கு இவ்வளவு!

இக் கல் மலையை உடைத்தே வருகிறது. தில்லிக்கு அருகிலுள்ள மலை ஆரவல்லி. பரீதாபாத், குருகிராமம், மேவாத் பகுதிகளின் ஆரவல்லிக் குன்றுகளில் சுரங்க வேலையை 2009-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பாலைவனப் புழுதியைத் தடுத்து, மழைநீரை நிலத்தடிக்கு அனுப்பும் மலையைப் பொடியாக்குவது தகாது என்பதில் ஐயமில்லை. ஆனால் அருகில் தடுத்த கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவந்தால், அங்கே வேறொரு மலை குறைகிறது. லாரியின் டீசலும் கூடுகிறது. தாரோ கச்சா எண்ணெயை வடித்தபின் நிற்கும் கசடு. நம் தேவையில் கணிசமான பகுதி அயல்நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது.

இத்துணை விலையுள்ள பொருளை நாம் என்ன செய்கிறோம்? பழைய சாலையின் தலைமேல் புதிய சாலையைப் போடுகிறோம்! நான் குடியிருக்கும் காலனியில் வீட்டு வாயிலுக்கு மூன்று படிகள் ஏறிச் சென்ற காலம் ஒன்று உண்டு. பூச்சின்மேல் பூச்சு விழுந்து, இன்று ஒரே படி எஞ்சி நிற்கிறது. நான்கு பூச்சுக்கு 160 மில்லிமீட்டர், அதாவது அரை அடிக்கு மேல், தெரு உயர்ந்துவிடும். தெரு உயர்ந்தால் வீடு தாழ்ந்தது என்று பொருள். ஆவணி மழையில் தெருவின் தண்ணீர் கூடத்திற்கு வருகிறது. தரைத்தளத்தில் வாழ்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற முதியவர்கள். அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, விடியுமட்டும் வாளியால் தண்ணீரை இறைக்கும் அம்மையார் ஒருவர் நம் சங்கத்து உறுப்பினரே. மரங்களின் வேரடியும் மூடப்படுகிறது. சாக்கடை மூடிகள் குழிகளாகின்றன. சாலை வீணாவது கருவூலத்திற்கு மட்டும் நட்டமன்று. நம் கூடத்திற்கும் நட்டம்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. பல் பதித்த உருளை சுழலும் இயந்திரம் ஒன்று பழைய பூச்சை வேண்டிய ஆழத்திற்குச் சுரண்டி எடுக்கிறது. இதனை மில்லிங் என்பர். 40 மில்லிமீட்டர் சுரண்டி 40 மில்லிமீட்டர் பூசினால் தெருவின் மட்டம் மாறாது. சுரண்டிய பொருளும் குப்பையன்று. கல்லுக்கு மூப்பு இல்லை, மூப்படைவது தார்தான். காற்றும் வெயிலும் பட்டு அது இறுகிவிடுகிறது. பழைய கலவையை நேரே நெருப்பில் காட்டாமல், நன்கு சூடேறிய புதுக்கல்லோடு சேர்த்து, இளகிய புதுத் தாரையோ இளக்கும் மருந்தையோ அளவோடு கூட்டினால் அது மீண்டும் உதவும். நூற்றுக்கு 30 பங்கு பழைய கலவையைச் சேர்த்தால், முன்னே சொன்ன ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ 200 டன் மிச்சம். அதில் 10 டன் தார். இத்தகைய மறுபயனுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2015-ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில், பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின்கீழ், பழைய சாலையை அடித்தளத்தோடு பொடித்து, சிமெண்டும் சேர்மானமும் கலந்து, அவ்விடத்திலேயே இறுக்கிப் புதுச் சாலையாக்கும் முறையும் கையாளப்பட்டு வருகிறது. வெளியிலிருந்து வரவேண்டிய கல் அங்கே மிகவும் குறைகிறது.

பிற தொழில்களின் கழிவும் சாலைக்கு உதவுகிறது. 1990-களில் நம் நிஜாமுதீன் பாலத்தின் அணுகுசாலைக் கரை அனல்மின் நிலையச் சாம்பலால் எழுப்பப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் சூரத்தை அடுத்த ஹஜீராவில், உருக்காலைக் கசடு ஏறத்தாழ 1 லட்சம் டன் கொண்டு ஆறு வழிச் சாலை அமைந்தது. அதற்கு வழிகாட்டியது, 1952-ஆம் ஆண்டு முதல் நம் தில்லி மதுரா சாலையில் இயங்கும் மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம். 2025 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற தில்லியின் நகர்ப்புற விரிவுச் சாலையில், நகரத்துக் குப்பைமலைகளிலிருந்து பிரித்தெடுத்த பொருள் பல லட்சம் டன் கரையாக நிரப்பப்பட்டது. இடிந்த கட்டடங்களின் கல்லையும் காரையையும் பொடித்து, நடைபாதைக் கல்லும் விளிம்புக் கல்லும் செய்யும் ஆலை 2009-ஆம் ஆண்டில் புராரியில் தொடங்கியது.

தமிழர்கள் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் அவர்கள், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்துகிறது என்றும், அதன்பின் தார் இறுகப் பற்றுகிறது என்றும் காட்டினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இம் முறைக்கு 2013-இல் நெறிமுறையும் வந்தது. ஆயினும் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஆகாது. பி.வி.சி. சூடேறினால் நச்சுப்புகை விடும். ஆதலின் அது விலக்கு. பிரித்தெடுக்காத குப்பையைத் தாரோடு கொட்டுவது சுழற்சியன்று. குப்பைத்தொட்டியைச் சாலைக்கு மாற்றுவதே ஆகும்.

இங்கே என் கருத்தைத் தெளிவாகக் கூற விரும்புகிறேன். பிறருடைய கழிவுக்குச் சாலையில் இடம் தேடுவது நன்று. ஆனால் சாலைக்கு முதல் உறவு பழைய சாலையே. ஊர்க் குப்பையை ஒரு சாலையில் புதைத்துப் பாராட்டு விழா நடத்திவிட்டு, மறுதெருவில் நல்ல கல்லின்மேல் கல்லைக் கொட்டினால், வட்டம் முழுமையடைந்ததாகாது.

இயந்திரமும் நெறிமுறையும் இருக்க, தடை எங்கே? கணக்கில்தான் என்பேன். ஒப்பந்தம் புதிதாக இட்டதற்கு மட்டும் பணம் கொடுத்து, பெயர்த்ததற்கு விலை குறிக்காவிட்டால், பெயர்த்த பொருள் எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை. பெயர்ப்பதே வீண் செலவாகத் தோன்றும். ஒவ்வொரு சாலையையும் ஒரு பண்டகசாலையாகக் கருத வேண்டும். இத்தனை டன் எடுத்தது, இத்தனை டன் திரும்ப இட்டது, எஞ்சியது எந்தக் கிடங்கில் என்று எழுதும் நாளில், ஒப்பந்தக்காரரும் பழைய கலவையைப் பொருளாக மதிப்பார். தண்டவாளத்துக்கு முடிவது தார்ச்சாலைக்கு முடியாதா?

எல்லாவற்றினும் மலிவான சுழற்சி, சாலையை நெடுநாள் வாழவைப்பது. சாலையின் முதற்பகை வண்டியன்று, தேங்கும் தண்ணீர். வெடிப்பு வழியே நீர் இறங்கினால் தார் கல்லை விட்டுவிடும், கீழ்மண் இளகும், அடுத்த லாரியில் பள்ளம் விழும். எங்கள் பாதையில் கீமேன் சுத்தியலோடு நாள்தோறும் நடக்கிறார். தளர்ந்த பிடிப்பை அன்றே இறுக்குகிறார். வெடிப்பை வெடிப்பாக இருக்கும்போதே அடைக்கும் கீமேன் ஒருவர் சாலைக்கும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை மூன்று உண்டு. முதலாவது: தெருவில் சாலை வேலை தொடங்கும்முன், குடியிருப்போர் சங்கத்தின் வாயிலாக, பழைய பூச்சைச் சுரண்டுகிறீர்களா, எவ்வளவு ஆழம் என்று எழுத்தில் கேளுங்கள். வாயிற்படியிலிருந்து தெருமட்டம் எத்தனை அங்குலம் என்று வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து குறித்துவையுங்கள். விடை வாராவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய்க் கட்டணத்தில் அந்த வேலையின் அளவுப் புத்தகத்தின் நகலைக் கேட்கலாம். அளவுப் புத்தகம் என்பது செய்த வேலையை அளந்து எழுதும் ஏடு. பணம் பட்டுவாடா ஆவது அதனைக் கொண்டே.

இரண்டாவது: வீட்டைப் புதுப்பிக்கும்போது விழும் செங்கல்லையும் காரையையும் யமுனைக் கரைக்கோ சாக்கடைக்கோ அனுப்பாதீர்கள். இடிபாடுகளுக்கென மத்திய அரசு 2016-இல் தனி விதி வகுத்து, 2025-இல் அதனைப் புதுக்கியது. அவற்றை வாங்கும் இடங்கள் நகரில் உள்ளன. குப்பையோடு கலவாமல் கொடுத்தால் அவை கல்லாகும், கலந்தால் மலையாகும். மூன்றாவது: மழைக்குமுன் வடிகாலைத் தூர்வாரச் செய்யுங்கள். பால் உறையை அடுக்களைக் கழிவோடு சேர்க்காதீர்கள்.

அன்பர்களே! நாம் பிழைப்பை நாடி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்தவர்கள். இவ்வூரின் சாலையில்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். வந்த ஊர்தானே என்று வாளாவிராமல், ஒரு கடிதமும் ஓர் அங்குல அளவுகோலும் கொண்டு இப் பணியைத் தொடங்குவோம். வரும் ஆவணியில் தெருத் தண்ணீர் தெருவோடு போகட்டும்.