கரைந்த மருந்துக்கும் கணக்கு உண்டு

(வடக்குப்பட்டில் எங்கள் மருத்துவ உதவிக் குழு நிகழ்த்திய உரையின் சுருக்கம்)

 

இதய அடைப்புக்கு உதவி கேட்டு வருவோர் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "விலை குறைந்த ஸ்டென்ட் தரமானதா?" 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என மத்திய அரசு உச்சவிலை வைத்தது. விலை குறைந்தது அரசாணையால். தரத்தைச் சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம்.

பல ஸ்டென்டுகளில் பூசப்படும் மருந்து சிரோலிமஸ். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிரியில் கண்டறியப்பட்டது. கம்பி வலையின் மேல் சதை வளர்ந்து குழாய் மீண்டும் அடைபடாமல் காப்பது இதன் வேலை. அளவோ மைக்ரோகிராம் கணக்கு. அது ஒரே நாளில் கொட்டிவிடாமல் வாரக்கணக்கில் மெல்லக் கசிய வேண்டும்.

இதைச் சோதிக்க, ஸ்டென்டை 37 டிகிரி வெப்பமுள்ள திரவத்தில் வைத்து, எவ்வளவு மருந்து வெளியேறியது என்று அளக்கிறார்கள். சிக்கல் இங்கேதான். சிரோலிமஸ் நீரில் நிலைப்பதில்லை. சில மணி நேரத்திலேயே கணிசமாகச் சிதைந்துவிடும். தாமதமாக அளந்தால், வெளியேறிய மருந்து குறைவாகத் தெரியும். முதல் நாளே மருந்தைக் கொட்டிவிட்ட ஸ்டென்ட்கூட, மெதுவாகக் கசிவதுபோல் தோன்றித் தேறிவிடலாம்.

ஆகவே, அடிக்கடி மாதிரி எடுக்க வேண்டும்; புதுத் திரவம் மாற்ற வேண்டும்; சிதைந்த பொருளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசியில் ஸ்டென்டில் மிஞ்சியதையும் பிரித்தெடுத்து அளந்து, வெளியேறியதோடு கூட்டினால், பூசிய அளவு வர வேண்டும். வராவிட்டால் காரணம் தேட வேண்டும். எண்ணை இட்டு நிரப்பக் கூடாது.

பக்கத்தில் ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவ உபகரணப் பூங்கா திட்டமிடப்பட்டுள்ளது. வேதியியலும் மருந்தியலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட வேலைகள் வரும், இன்ஷா அல்லாஹ். அளவில் குறைப்போரை எச்சரிக்கும் 'முதஃப்பிஃபீன்' அத்தியாயம் கடைத்தராசுக்கு மட்டுமல்ல, ஆய்வுக்கூடத் தராசுக்கும் பொருந்தும் என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்போம். அந்தத் தட்டில் இருப்பது யாரோ ஒரு வாப்பாவின் உயிர்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை, டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். வாங்க வசதி இல்லையென்றால் நிறுத்துவதற்கு முன்பே எங்களிடம் வாருங்கள்.