கல்லாப்பெட்டியும் கல்லூரியும்



ஆண்டுவிழாவுக்கு இலக்கியம் பேசுவோரை அழைப்பது இந்த வாசகர் வட்டத்தின் நெடுநாள் வழக்கம். இவ்வாண்டு வணிகர் சங்கமும் சேர்ந்து விழா எடுப்பதாலோ என்னவோ, சமுதாயக் கல்லூரியில் கற்பிக்கப்படும் வணிக நிர்வாகப் படிப்பைப் பற்றியும் அதனால் கிட்டும் பிழைப்பைப் பற்றியும் பேசும்படி எனக்குக் கட்டளையாகிவிட்டது. கம்பனையும் இளங்கோவையும் வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் புறப்பட்டேன்; ஆனால் இளங்கோ பாதி வழியில் கூடவே வந்துவிட்டார். கைம்முதல் முழுவதையும் தொலைத்த வணிகக்குடிப் பிள்ளையொருவன், மனைவியின் சிலம்பை விற்று மறுபடியும் தொழில் தொடங்கலாமென்று வேற்றூருக்கு நடந்து போனதிலிருந்துதானே நம்முடைய சிலப்பதிகாரத்தின் துயரம் முற்றுகிறது? ஆகையால் கணக்குக்கும் காவியத்துக்கும் நாம் நினைக்கிற அளவுக்குத் தூரம் இல்லையென்று என்னை நானே தேற்றிக்கொண்டு மேடையேறியிருக்கிறேன்.

சமுதாயக் கல்லூரியின் கதையை அதன் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். 1901-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்தில் ஒன்றுக்கொன்று யாதொரு சம்பந்தமுமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. இல்லினாய் மாகாணத்தில், சிக்காகோவுக்குத் தென்மேற்கே உள்ள ஜோலியட் என்னும் ஊரில், உயர்நிலைப் பள்ளியின் தலைவராயிருந்த ஸ்டான்லி பிரவுன் என்பவரும், சிக்காகோ சர்வகலாசாலையின் தலைவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பர் என்பவரும் கலந்து யோசித்து, பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளைகள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே சர்வகலாசாலையின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களைப் படிப்பதற்கென்று ஒரு வகுப்பைத் தொடங்கினார்கள். வந்து சேர்ந்தவர்கள் ஆறே பேர். அதே ஆண்டில், மிசௌரி மாகாணத்தில் பள்ளியிறுதி தேறிய 17 வயதுப் பையன் ஒருவன், கான்சாஸ் சிட்டியில் ஸ்பால்டிங் வணிகக் கல்லூரி என்று பெயர் பெற்றிருந்த ஒரு நிலையத்தில் கணக்குப்பதிவும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்கச் சேர்ந்தான். தகப்பனார் தானிய வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்ட காலம் அது. பையன் படிப்பை நடுவிலேயே நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான்.

அந்தப் பையனின் பெயர் ஹாரி ட்ரூமன். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து, நிலத்தில் உழுது, முதல் உலக யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு, 1919-இல் எட்வர்ட் ஜேக்கப்ஸன் என்னும் நண்பரோடு கூட்டுச் சேர்ந்து, கான்சாஸ் சிட்டியில் ஆடவருக்கான சட்டையும் தொப்பியும் விற்கும் கடையொன்றை அவர் திறந்தார். அதன் பின் நேர்ந்ததை வியாபாரிகளாகிய உங்களுக்கு நான் விஸ்தரிக்க வேண்டுவதில்லை. யுத்தம் முடிந்த சூட்டில் விலைவாசி உச்சியில் இருந்தபோது சரக்கை வாங்கி அடுக்கினார்கள்; இரண்டாண்டுக்குள் விலைகள் சரிந்தன; ஊரில் காசோட்டம் நின்றது; சரக்கு அலமாரியில் அப்படியே இருக்க, அதன் மதிப்பு மட்டும் நாளொரு படியாக இறங்கிற்று. 1922-இல் கடையை மூடினார்கள். ட்ரூமன் திவால் மனுக் கொடுக்க மறுத்து, கடையால் ஏற்பட்ட கடனைப் பல ஆண்டுகள் சிறுகச் சிறுக அடைத்துவந்தார். அவரே 1945-இல் அந்நாட்டு ஜனாதிபதியானார். அவருக்குப் பின் கல்லூரிப் பட்டம் இல்லாத ஒருவரும் அந்த நாற்காலியில் அமரவில்லை.

போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், 1944-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உதவித்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி வாசல்களில் குவிந்த அந்த நாட்களில், உயர்கல்வியைப் பற்றி ஆராய்ந்து சொல்லும்படி 1946-இல் ட்ரூமன் ஒரு குழுவை நியமித்தார். ஜார்ஜ் ஸூக் என்பவர் தலைமையில் இயங்கிய அக்குழு 1947-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பள்ளிப்படிப்புக்கு மேற்பட்ட இரண்டாண்டுக் கல்வி, பள்ளிக் கல்வியைப் போலவே, கட்டணமின்றி அவரவர் ஊரருகிலேயே கிடைக்கவேண்டும் என்பது அவ்வறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் நாடெங்கும் பரவியதும் அதனால்தான். அறிக்கையை எழுதியவர் ட்ரூமன் அல்லர். ஆகவே கடையை மூடிய மனிதரின் அனுபவம் அதில் பேசுகிறதென்று நான் கதை கட்டமாட்டேன். எனினும், கணக்குப்பதிவு வகுப்பைப் பாதியில் விட்ட பையனின் ஆட்சியில், அப்படிப்பட்ட பையன்களுக்கென்றே ஒரு கல்லூரிக்குப் பெயர் நிலைத்தது என்பதை எண்ணும்போது மனத்துக்கு ஒருவகை நிறைவு உண்டாகத்தான் செய்கிறது.

ஜோலியட்டில் ஆறு பேரோடு தொடங்கிய அந்த ஏற்பாடு இன்று ஆயிரத்தை ஒட்டிய கல்லூரிகளாகக் கிளைத்திருக்கிறது. பள்ளிப்படிப்பு முடித்த எவரும் சேரலாம். பகலெல்லாம் வேலை பார்ப்பவர்களுக்கு மாலை வகுப்பு உண்டு. பிள்ளை பெற்ற தாயும், வேலையிழந்த ஐம்பது வயதுக்காரரும், நேற்றுப் பள்ளி முடித்த சிறுவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாண்டில் 60 மதிப்புப் புள்ளிகளைச் சேர்த்தவர்க்கு இணைப்பட்டம் கொடுக்கிறார்கள். வணிகப் பிரிவை எடுத்தவர்கள் கணக்குப்பதிவு, பொருளாதாரம், வணிகச் சட்டம், புள்ளியியல், சந்தையியல், நிர்வாகத்தின் மூலதத்துவங்கள் என்று படித்துப் போவார்கள். இந்தப் பெயர்களை அடுக்குவதால் உங்களுக்குப் பிரயோஜனமில்லை. அவற்றுள் ஒரே ஒரு பாடத்தை, அதுவும் ஒரே ஒரு வரியை, கையிலெடுத்துப் பார்ப்போம்.

என் தாய்மாமன் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் என்னை உட்கார்த்தி வைப்பார். சித்திரை பிறந்தால் புதுக்கணக்கு. அதற்கு முந்தின வாரம் சரக்கெடுப்பு. மேல்தட்டில், அந்துருண்டை மணக்க மணக்க, நைலக்ஸ் புடவைக் கட்டுகள் சில இருந்தன. நைலக்ஸ் என்றால் பெண்கள் அடித்துப் பிடித்து வாங்கிய காலத்தில், விலை ஏறப்போகிறதென்று யாரோ சொன்னதை நம்பி மாமா மொத்தமாக எடுத்துப் போட்டவை அவை. மோஸ்தர் போய்விட்டது, கட்டுகள் போகவில்லை. ஆண்டுதோறும் கடைப்பையன் ஏணி போட்டு ஏறி, அவற்றை இறக்கி, பிரித்து, எண்ணி, மறுபடியும் கட்டி ஏற்றுவான். மாமாவும் ஆண்டுதோறும் அவற்றை வாங்கிய விலைக்கே சரக்கிருப்பில் எழுதி, ஐந்தொகையில் லாபம் காட்டி, கணக்கில் இருக்கும் லாபம் கல்லாவில் ஏன் இல்லையென்று ஆண்டுதோறும் திகைப்பார். திருட்டோ என்று கூடச் சந்தேகப்பட்டார். பாவம், ஒரு பையனை வேலையை விட்டும் நிறுத்தினார்.

அவருக்குத் தெரியாமலிருந்தது ஒரே வரி: இறுதிச் சரக்கிருப்பை மதிப்பிடும்போது அடக்கவிலை, சந்தைவிலை இவ்விரண்டில் எது குறைவோ அதையே எழுதவேண்டும். கணக்குப்பதிவு படிக்கும் மாணவர்கள் ஆரம்ப மாதங்களிலேயே பாராமல் ஒப்பிக்கும் வாக்கியம் இது. இதைத் தெரிந்துகொண்டிருந்தால் மட்டும் கான்சாஸ் சிட்டியிலே விலைகள் சரியாமல் நின்றிருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நின்றிருக்காது. ஆனால் நஷ்டத்தை நஷ்டமென்று முதலாண்டிலேயே எழுதிப் பார்க்கிறவன், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, வந்த காசில் ஓடுகிற சரக்கை வாங்குவான். எழுதிப் பார்க்காதவன் அந்துருண்டை வாங்குவான்.

இனி, இந்த வணிகப் படிப்பைப் படித்தவர்கள் எங்கே போகிறார்கள்? மாணவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 'மேலாண்மை' என்ற பெயரைக் கேட்டவுடன் மேலாளர் நாற்காலி குளிர்சாதன அறையில் நமக்காகக் காத்திருக்கிறதென்று நினைப்பது பிழை. முதலில் கிடைப்பது உதவிக் கணக்கர் வேலை, சம்பளப் பட்டியல் போடும் வேலை, கிடங்கில் சரக்கு வரவு செலவு பார்க்கும் வேலை, வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ வாடிக்கையாளரை முன்னின்று பார்க்கும் வேலை, பெரிய கடையொன்றில் ஒரு தளத்தைக் கண்காணிக்கும் வேலை. நம் பக்கமென்றால் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வதும் இதில் சேரும். இவை சின்ன வேலைகளென்று எண்ணுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: முதலாளி இல்லாமல் பத்து நாள் கடை நடக்கும், இவர்கள் இல்லாமல் ஒரு நாள் நடக்காது.

ஜிம் சினகல் என்றொருவர். 1954-இல் சான் டியேகோவில் ஃபெட்மார்ட் என்ற புதுக்கடையில் மெத்தை மூட்டைகளை இறக்கிவைக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் மாணவர்; மறு ஆண்டில் சான் டியேகோ நகரக் கல்லூரியில் இரண்டாண்டுப் பட்டத்தை முடித்தார். மெத்தை இறக்கிய கடையிலேயே படிப்படியாக உயர்ந்து, சரக்கு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, எங்கே தேங்குகிறது என்பதையெல்லாம் கையாலும் தோளாலும் கற்றுக்கொண்டு, 1983-இல் ஜெஃப்ரி பிராட்மன் என்பவரோடு சேர்ந்து காஸ்ட்கோ என்ற கடைத்தொடரை நிறுவினார். எல்லாரும் சினகல் ஆகிவிடுவார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வகுப்பறையும் மூட்டையிறக்கும் முற்றமும் ஒரே சமயத்தில் ஒரு மனிதனுக்குக் கிடைத்தன, அதைக் கவனிக்க வேண்டும்.

கவனித்தால், இது நமக்குப் புதிதன்று என்பது விளங்கும். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், பிள்ளையைச் சிறுவயதிலேயே பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்கார்த்தி, குறிப்பேடும் பேரேடும் பழக்கி, அடுத்தாளாக உயர்த்தி, பிறகே முகவராக அனுப்பினார்கள். அதைவிடச் செம்மையான நிர்வாகப் பயிற்சி அக்காலத்தில் வேறெங்கும் இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. ஆனால் அந்தப் பெட்டியடிக்கு வருவதற்கு அந்த வீட்டிலோ அந்த உறவிலோ பிறந்திருக்க வேண்டும். கூலிக்காரர் மகன் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம், திறந்து பார்க்க முடியாது. பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சமுதாயக் கல்லூரி செய்த உபகாரம் இதுதான்: பிறப்பால் கிடைத்துவந்த வித்தையை, கேட்டு வந்தவர்க்கெல்லாம் உரியதாக்கிற்று.

நம் பக்கத்துக்கு இந்தக் கருத்து சற்றுத் தாமதமாகவே வந்தது. 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் முயற்சியால் சென்னையில் ஒன்று தோன்றிற்று. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் முதலியோர் பின்பு இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார்கள். நம் ஊர்க் கல்லூரிகளின் போக்கு அமெரிக்கக் கல்லூரியின் போக்கன்று. பெரும்பாலும் ஓராண்டுப் பட்டயம், பள்ளியில் இடைநின்றவர்களுக்கும் கதவு திறந்திருக்கும், வாழ்க்கைத் திறன் ஒரு பங்கு, தொழில் திறன் ஒரு பங்கு, பணியிடத்தில் நேரடிப் பயிற்சி ஒரு பங்கு. நான்கு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று பேசுவதும் இங்கே ஒரு பாடம். இந்த மேடையைத் திறந்துவைத்து வரவேற்புரை ஆற்றிய மாணவியைச் சற்றுமுன் கேட்டீர்கள். அவருக்கு நான் மதிப்பெண் போடத் தேவையில்லை.

குறையைச் சொல்லாமல் இறங்கினால் அது பேச்சாகாது, விளம்பரமாகிவிடும். அமெரிக்காவிலும், நான்காண்டுப் பட்டம் வரை போவோமென்ற நோக்கத்தோடு சமுதாயக் கல்லூரியில் சேருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டத்தை எய்துவதில்லை. வேலை, வீடு, பிள்ளை, பேருந்துக் கட்டணம் என்று எத்தனையோ காரணங்கள். ஒரு கல்லூரியில் படித்த பாடத்தை இன்னொரு கல்லூரி ஏற்க மறுப்பதும் அவற்றுள் ஒன்று. ஆகவே மாணவர்களே, சேருமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்தப் பட்டயத்தை அங்கீகரிப்பது யார், மேற்கொண்டு படிக்க விரும்பினால் இதை எங்கே ஏற்றுக்கொள்வார்கள்? எழுத்தில் பதில் வராவிட்டால் எழுந்து வாருங்கள். அது அவமரியாதை ஆகாது.

வணிகர்களாகிய உங்களிடத்திலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பயிற்சிக்கென்று அனுப்பப்பட்ட பிள்ளைகளை டீ வாங்கிவரவும் வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடவும் வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிற கடைகளை நான் கண்டிருக்கிறேன். பேரேட்டைக் காட்டினால் தொழில் இரகசியம் வெளியே போய்விடுமே என்ற அச்சம் புரிகிறது. முழுப் பேரேடும் வேண்டாம். ஒரு மாதத்துக் கொள்முதல் கணக்கு, ஓர் அலமாரியின் சரக்கிருப்பு, ஒரு நாளின் கல்லா முடிப்பு, இவ்வளவு போதும். அந்தப் பிள்ளைகள் உங்கள் மேல்தட்டில் என்ன தேங்கியிருக்கிறதென்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவும் கூடும்.

இவ்வாண்டு இவ்வூர்ச் சமுதாயக் கல்லூரியில் வணிகப் பிரிவில் பயிலும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கடை வேண்டியிருக்கிறது. வாசலில் மேசை போட்டுப் பதிவேடும் பேனாவும் வைத்திருக்கிறார்கள். வெளியே போகும்போது அங்கே நின்று, கடையின் பெயரை எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.